தரையில் வைக்காத கால்

துணிக்கடையில் இருபது வருடம் நின்றே வியாபாரம் பார்த்தவளுக்குக் கால் முழுக்க நரம்புச் சுருட்டு. விடிந்ததும் கால் தரையில் படுவதற்கு முன்பே இறுக்கமான காலுறையை மாட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. தினமும் மல்லுக்கட்டி மாட்டிவிடுவது கணவன்தான்.

அன்று வெந்நீர் வைக்கப் போனவன் திரும்பவில்லை.

"என்னங்க, அடுப்படியிலேயே குடியேறிட்டீங்களா?"

படுத்தபடியே கேலி செய்தவள், தலையணைமேல் காலைத் தூக்கி வைத்து அரைமணி நேரம் காத்திருந்தாள். அவன் அடுப்படியில் மாரடைப்பில் விழுந்து கிடந்தான். கொஞ்சம் முன்னதாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள்.

மறுமாதம் வீங்கிய காலைப் பார்த்து டாக்டர் கடிந்துகொண்டார்.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களாம்மா?"

"கேட்டேன் டாக்டர். அன்னைக்கு ஒருநாள் கேக்காம இருந்திருக்கலாம்."