சிவனாண்டியின் ஏலக்குரல்

சிவனாண்டி ஏலம் கூறினால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஈ புகுந்து பறக்க இடைவெளி இருக்காது என்பார்கள், ராஜபாளையம் மாங்காய்க் கமிஷன் கடையில். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. அதுமுதல் அவருக்கும் சேர்த்து மனைவி மாரிக்கனிதான் பேசுகிறாள். அவர் ஃபேனைப் போடச் சொல்லிக் கையை ஆட்டினால், "காப்பி கேக்காக" என்பாள்.

இப்போது சப்பட்டை ரக மாங்காய் வரத்து ஆரம்பம். "கம்ப்யூட்டர் பேசுமாமே, வெள்ளிக்கிழமை ஏலத்துல பாப்போம். சரிப்படலேன்னா இனிமே ஏலம் கூற தவசிமுத்துதான்" என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். அதனால்தான் இருவரும் பழைய லேப்டாப்போடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு, மாரிக்கனியின் தங்கை கல்பனா வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

கல்பனா கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் பேசும். ஆனால் ரெடிமேடாக வருவது மச்சானின் மெஷினில் ஏறவில்லை. மூல நிரலை இறக்கி, இதற்கென்றே தைத்துக்கொள்ள வேண்டும். தைக்குமுன் அளவெடுக்கிற படிக்குப் பெயர் கான்ஃபிகர். எது வேண்டும், எது வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பழைய மெஷின், இடம் கொஞ்சம். ரஷ்யச் சொற்கள் வேண்டாம், சீனம் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்தாள் கல்பனா. அதிவேகப் பேச்சு என்று ஒன்று. அம்புட்டு வேகமா யாரு பேசப் போறா? அதையும் கழித்துவிட்டு என்டரைத் தட்டினாள்.

திரையில் வரி வரியாக ஓடிற்று. நிரலைத் தைக்கும் கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது. வேலை செய்கிறதா? செய்கிறது. ஒலிக்கு வழி உண்டா? உண்டு.

"என்னட்டி, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி குடஞ்சு குடஞ்சு கேக்கு?" என்றாள் மாரிக்கனி.

"இப்பவே கேட்டுக்கிட்டா நல்லதுக்கா. பொறவு பந்தியில சண்டை வராது."

எல்லாம் தைத்து முடிந்ததும் சிவனாண்டி ஒரு வரி தட்டினார். லேப்டாப் பேசியது: "ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு."

மாரிக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் அவளை ஏட்டி என்று கூப்பிடவில்லை.

ஆனால் விலைகளைத் தட்டி வேகத்தைக் கூட்டியபோது, குரல் ஓர் அளவுக்கு மேல் ஓட மறுத்தது. சிவனாண்டி தட்டினார்: "இது எழவு வீட்டுல துட்டி கேக்க வந்தவன் குரல். ஏலத்துக்கு ஆகாது." மூடியைச் சாத்திவிட்டார்.

கல்பனா அதைத் திறந்து, முன்பு ஓடிய வரிகளை மேலே தேடிப் பார்த்தாள். கான்ஃபிகர் கடைசியில் ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தது. அதிவேகப் பேச்சு: இல்லை.

"ஐயோ மச்சான், நான்தான் வேண்டாம்னேன். ஏலம் போடுறவுகளை எதிர்ல வச்சுக்கிட்டு!"

அது எதற்கென்று குறிப்பைப் படித்தாள். மற்றவர்கள் கண்ணால் மேய்கிற வேகத்தில் பார்வையற்றவர்கள் காதால் படிப்பதற்காம். எந்தக் கடலுக்கு அப்பாலோ முகம் தெரியாத யாரோ எழுதி வைத்து, வேண்டுகிறவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாங்காய் மண்டியை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

விட்டுப்போன பகுதியை இறக்கி, மறுபடி கான்ஃபிகர். இந்தத் தடவை மூன்று பேரும் திரையையே பார்த்திருந்தார்கள். அதிவேகப் பேச்சு: உண்டு.

வெள்ளிக்கிழமை, ராஜபாளையம். மாங்காய்க் குவியலுக்கு முன்னால் ஸ்பீக்கர், பக்கத்தில் அக்காவும் தங்கையும். சிவனாண்டியின் விரல் தட்டத் தட்ட, ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுந்தாற்போல் விலைகள் கொட்டின. கல்பனாவுக்கு ஒரு எண்கூடப் பிடிபடவில்லை. வியாபாரிகள் அசையவில்லை. போச்சு என்று நினைத்தாள்.

கடைசியில் நின்ற ஒருவர் வெற்றிலையை மென்றபடியே விரலைத் தூக்கினார். அடுத்து இன்னொரு விரல். அப்புறம் குவியலைச் சுற்றி விரல்கள் எழுந்தவண்ணம் இருந்தன. தவசிமுத்துவும் வாயைப் பிளந்து நின்றான்.

"அக்கா, இப்ப என்ன வெலக்கா?"

மாரிக்கனி திரும்பவே இல்லை.

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு. அவிய பேசுதாகல்ல."