வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

வாய்க்கரிசி போடக் குனிந்த தவநாயகிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆசுபத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடம் ஈரப் படுக்கைவிரிப்புகளை இழுத்த இடுப்பு. காலையிலிருந்து தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தாள். கணவர் பத்மநாதனின் கீழுதட்டில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு நின்றது.

பெட்டிக்கு அந்தப் பக்கம் கெங்காதரன் வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றான். பத்மநாதனின் தமையன் மகன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கொள்ளி வைக்க அவன்தான். தொண்ணூறாம் ஆண்டு மொஸ்கோ வழியாக, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். தமையனே காணி விற்றுக் காசு கட்டியதாகத்தான் பத்மநாதன் சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கிழமையில எரிக்கினம். குடுத்து வைச்ச மனுசன், அக்கா," என்றாள் றோஸ்மலர். சலவைக்கூடத்தில் தவநாயகியோடு வேலை செய்கிறவள். "என்ரையும் இருக்குதே, தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவாது. அவர் ஆபிரிக்காப் பிள்ளையளுக்கே சோறு போட்டவர்."

அந்தச் சோற்றைத் தொடக்கிவைத்தவள் கிரேஸ். கென்யாக்காரி. பக்கத்து மெஷினில் நின்றவள். ஊரில் தன் அண்ணன் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பசியில் மத்தியானமே மேசையில் தூங்கிவிடுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள். "வெள்ளிக்கிழமை நாங்கள் விரதம்தானே, அந்தச் சாப்பாட்டுக் காசை அதுகளுக்குக் குடுப்பம்," என்றாள் தவநாயகி. ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். தவநாயகிக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. காசை அனுப்பியது, வந்த கடிதங்களை மூக்குக்கண்ணாடி போட்டுத் தமிழில் வாசித்துச் சொன்னது எல்லாம் பத்மநாதன். சோளக்களி, அவரை, இரண்டாம் தரம் தட்டு நீட்டிய சின்னப் பெட்டை. திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் தவநாயகி அதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்வாள். அவள் பேச மற்றவர்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது ஒன்றுதான்.

ஐந்து வருடம் முன்பு பேர்மிங்ஹாம் போய்விட்ட கிரேஸ் இன்று கறுப்புத் தொப்பியோடு வந்திருந்தாள். தவநாயகியின் இரண்டு கையையும் பிடித்து, அவளுக்கு விளங்குகிற மாதிரி மெதுவாக இங்கிலிஷில் பேசினாள்.

"நீங்கள் நிறுத்தியதற்கு ஊரில் யாருக்கும் கோபம் இல்லை. சலவைக்கூடத்தை மூடி உங்கள் எல்லோருக்கும் வேலை போய்விட்டது என்று உன் கணவர் எழுதினார். அண்ணா அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். நாலு வருடமாக உங்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஜெபம் பண்ணுகிறார்கள்."

தவநாயகி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"லலிதா, இவ என்ன சொல்லுறா? எனக்குத்தான் பிழையா விளங்குதோ?"

"சரியாத்தான் விளங்கியிருக்கு, அம்மா."

"போன மாசமும் கடிதம் வாசிச்சவரெல்லோ?"

"அது காஸ் பில்."

ஐயர் மணியைக் கிலுக்கினார். செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கப் பாடுகிற பாட்டை யாரோ தொண்டை கட்டின குரலில் தொடங்கினார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பதின்மூண்டு வயசில. பின்னால நிண்டு எட்டிப் பார்த்தனான்." லலிதா கைக்குட்டையைச் சுருட்டினாள். "கெங்காதரன் அண்ணாவைக் கூப்பிட அந்தக் காசை ஏஜென்சிக்குக் குடுத்திட்டார். தனக்குக் கொள்ளி வைக்க ஒரு பெடியன் வேணுமாம். பிறகு மெல்ல மெல்ல அனுப்புவம், அம்மாட்டச் சொல்லாதை எண்டவர். ஐ ப்ராமிஸ்ட், அம்மா."

"எனக்கு முன்னாலதானே வாசிச்சவர். நீயும் பக்கத்தில இருந்து கேட்டனீ."



தகனச்சாலையில் கெங்காதரன் தயங்கினான். சீருடைக்காரன் பொத்தானைக் காட்டினான். பையன் அழுத்தினான். திரை மூடியது. ஏஜென்சிக்கு அள்ளிக் கொடுத்து வாங்கிய விரலைத் தவநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

வெளியே மழை. றோஸ்மலர் ஓடிவந்து ஒரு கடித உறையை நீட்டினாள்.

"இந்த நேரத்தில தாறன் எண்டு குறை நினையாதேங்கோ, அக்கா. ஏழு பேரின்ரை வெள்ளிக்கிழமைக் காசும் இருக்கு. உங்கடையை நான் போட்டிட்டன்."

தவநாயகி கையை நீட்டவில்லை. கிரேஸிடம் தன் உடைந்த இங்கிலிஷில், அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"எண்பத்தாறு," என்றாள் கிரேஸ்.

"றோஸ்மலர், மற்ற ஆக்களையும் கூப்பிடு."

மற்ற ஐந்து பேரும் குடைகளோடு வந்து சுற்றி நின்றார்கள். கார்க்கதவைப் பிடித்தபடி லலிதா, "அம்மா, வீட்டை போய்க் கதைப்பம்," என்றாள். தவநாயகி அவள் பக்கம் திரும்பவில்லை.

"எண்பத்தாறு பிள்ளையளுக்கு நாலு வருச வெள்ளிக்கிழமைச் சாப்பாடு குடுக்கக் கிடக்கு," என்றாள். "எங்கட வீட்டுக் கடன்."