மே மாதம் வரைக்கும்

நாறும்பூநாதன் அண்ணாச்சி எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு கிழங்குதான். பெரிய வெங்காயம் மாதிரி இருந்தது. மண்ணில் வைத்தால் மே மாதம் சிவப்பாகப் பந்துபோலப் பூக்கும் என்றார். எனக்குப் பூப்பைத்தியம் எல்லாம் கிடையாது. மேலகரத்தில் தனி வீடு, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளையும் இல்லை, தையல் டீச்சர் வேலையும் ஓய்ந்துவிட்டது. சரி, ஒரு தொட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த மே மாதமே பூத்தது. அதிலிருந்து மனுஷன் வாரம் தவறாமல் வியாழக்கிழமை வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பக்கத்துத் தெரு. சாரல் காலத்தில் குடையோடு வந்து, தொட்டியில் தண்ணீர் தேங்குகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். "கிழங்கோட கழுத்து வெளிய தெரியணும் டீச்சர், மண்ணப் போட்டு மூடிராதீய" என்பார். அப்புறம் காபி. அப்புறம் பாவூர்சத்திரத்தில் தக்காளி விலை, ஐந்தருவியில் குளிக்க விட்டார்களா என்று ஊர்க்கதை. ஒரு கிழங்குக்கு இவ்வளவு அலம்பலா என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வியாழக்கிழமை என்றால் பால் கூடுதலாக வாங்கிவிடுவேன்.

ஜனவரியில் இலை பழுத்துச் சாய்ந்தது.

"செத்துப் போச்சா அண்ணாச்சி?"

"சேச்சே, தூங்குது. இனி மே மாசந்தான் முழிக்கும். சொட்டுத் தண்ணி விட்டுறாதீய, அழுகிப் போவும். இப்ப பாக்கதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர், மே மாசம் வாரேன்."

கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

வியாழன் வந்தது, பால் மிஞ்சியது. அடுத்த வியாழனும் மிஞ்சியது. ஒருநாள் முழுக்க, பால்காரனிடம் சொன்ன "அரை லிட்டர்" தவிர வேறு பேச்சே இல்லை. கிழங்கு தூங்கினால் தூங்கட்டும், இந்த ஆளுக்கு என்ன கேடு? ஆத்திரத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். எந்திரி மூதேவி என்று திட்டிக்கொண்டே ஊற்றினேன். சீக்கிரம் முளைத்துவிட்டால் அவருக்குப் போன் பண்ணலாமே என்று தினமும் ஊற்றினேன்.

முளைக்கவில்லை. நாற்றம்தான் வந்தது. அப்போதும் போன் பண்ணினேன்.

அண்ணாச்சி வந்து மண்ணைக் கிளறினார். கிழங்கு கூழாகக் கையோடு வந்தது.

"தண்ணி விட்டீயளா?"

"விட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? எதுக்கு விட்டீய?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அது முளைச்சாத்தான நீங்க வருவீய? அதான் விட்டேன்!"

சொன்ன பிறகு உடம்பெல்லாம் கூசியது. அவர் கையிலிருந்த அழுகலையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு உமாராணி, துணி காயப்போடுகிற சாக்கில், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் வீட்ல இருப்புக் கொள்ளல டீச்சர். ஆனா செடியில்லாம சும்மா எப்படி வர? தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. என்னய ஒண்ணும் சொல்ல மாட்டாக, உங்களத்தான் பேசுவாக."

அது உண்மைதான். அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. உமாராணிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"அப்படின்னா வருசம் பூராவும் தூங்காத கிழங்கா ஒண்ணு கொண்டாங்க அண்ணாச்சி. நாளைக்கே கொண்டாங்க."