ஏழாவது உறை

துண்டை மூன்றாம் முறை மடித்தும் அது பெரிதாகவே இருந்தது. ஆறாம் மாதத்தில் பிறந்த குழந்தை. மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுக் காலையில் அடங்கிவிட்டது. தங்கை முனைகளை ஒழுங்காகச் செருகி அக்காவின் கணவனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

"குடித்தனக்காரர் கிளம்பிட்டாரா?" அக்கா கட்டிலில் கிடந்தபடி கேட்டாள். முதல் உதையிலிருந்து குழந்தைக்கு அந்தப் பெயர்தான்.

"ம்."

"ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லல பாரு."

அக்காவின் மாமியார் சன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள். "தண்ணி வாளியத் தூக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"ஆமா அத்தை. என்னாலதான்" என்றாள் அக்கா.

நாடி பார்க்க வந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "வாளிய விடுங்க. உள்ள தொற்று இருந்திருக்கு. அதனால கர்ப்பப்பையில அழற்சி. வலி வராம அடக்கி வைக்கிற ஹார்மோன் ஒண்ணு உண்டு, அழற்சி வந்தா அதோட பேச்சு எடுபடாது. வலியக் கிளப்புற ஹார்மோனோட கை ஓங்கிடும். சிறுநீர்லயே ஆரம்பிச்சிருக்கலாம். டெஸ்ட் எழுதிக் குடுத்தேனே?"

"எடுத்தோமே. இவதான் கொண்டுபோய்க் குடுத்தா. ஒண்ணுமில்லன்னு வந்துச்சு." அக்கா தங்கையைக் காட்டினாள்.

"அப்படியா? ரிப்போர்ட்ட எடுத்து வைங்க, வந்து பாக்கறேன்." டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். மாமியாரும் மகனைத் தேடிப் போனாள்.

ஃபைல் கட்டிலடியில் இருந்தது. தேதிவாரியாக அடுக்கியது தங்கைதான். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கண்ணாடித்தாள் உறை, மூலையில் தேதி. ஏழாவது உறையில் தேதி மட்டும் இருந்தது.

அந்தத் தேதியில் தங்கைக்கு மாலை வகுப்பில் தேர்வு. முடித்துவிட்டுப் போனால் ஆய்வகம் பூட்டியிருந்தது. பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டிய அக்காவின் சிறுநீர்க் குப்பியை அவள் வகுப்புக்கே திரும்பி வந்து அங்கிருந்த கழிப்பறையில் கொட்டிக் கழுவினாள். மறுநாள் இன்னொன்று கேட்டு வாங்கலாம் என்று நினைத்தாள். மறுநாள் அக்கா, "என்ன சொன்னாங்க?" என்று முந்திக்கொண்டாள். "நார்மல்" என்று வாயில் வந்துவிட்டது. அதன்பின் அக்காவுக்கு வலி வரும்வரை பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்தாள்.

"தேடுறியா, நெய்யுறியா? குடு இங்க."

தங்கை அந்தப் பக்கத்தைத் திறந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"நான் குடுக்கவேயில்லக்கா. பரீட்சைன்னு போயிட்டேன்."

அக்கா உறைக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். தாள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல் அடிவரை தடவினாள். நடைவழியில் தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுப் போனது. அவளுடைய நைட்டியின் மார்பில் இரண்டு ஈர வட்டங்கள் பரவின. பால்.

தங்கை பதறி அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

அக்கா கை நீட்டவில்லை.

"அங்க வெச்சிட்டுப் போ."

தங்கை கட்டிலின் ஓரத்தில் அதை வைத்தாள். மடிப்பு கலைந்திருந்தது. சரிசெய்யப் போன கையை இழுத்துக்கொண்டாள்.