வணக்கம் சொல்லி முடிவதற்குள்

நகரசபை மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையைச் சாமான் அறையாக மாற்றப்போகிறார்கள் என்று கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதைப் புஷ்பராணிதான் வாசித்துச் சொன்னாள். பிரெஞ்சு எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடியவள் எங்களில் அவள் ஒருத்திதான்.

எனக்கு அந்தச் சமையலறையை விட்டால் வேறு உழைப்பு இல்லை. மொன்றியலுக்கு வந்த நாள் முதல் தையல் தொழிற்சாலையில் நின்று உடுப்புகளுக்கு அயன் பிடித்தவள் நான். சம்பளம் கணவருடைய கணக்குக்குத்தான் போகும். வேலை எல்லாம் சீனாவுக்குப் போய்த் தொழிற்சாலையை மூடியபோது கால் வீங்கி, கை தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் யூதப் பெண்களின் தொண்டர் குழு ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது. மண்டபத்துச் சமையலறையை எங்களுக்கு எடுத்துத் தந்தவர்கள் அவர்கள். நாங்கள் சில பெண்கள் மத்தியானச் சாப்பாடு கட்டி, சுற்றியுள்ள கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு விற்றோம். எங்கள் ஒவ்வொருவர் பேரிலும் வங்கிக் கணக்குத் திறக்க வைத்ததும் அவர்கள்தான். கணவனுடைய பேரைச் சேர்த்துப் போடட்டுமா என்று நான் கேட்டபோது, "சமைப்பது யார்?" என்று மட்டும் கேட்டார் அந்தக் குழுவின் மதாம் பென்ஷிமோல்.

அவர் மொறோக்கோவில் பிறந்தவர். எழுபது வயது தாண்டியும் உதட்டுச்சாயம் பூசாமல் வெளியே வரமாட்டார். வந்த புதிதில் எங்கள் சாப்பாட்டை அவர் தொடவே இல்லை. எங்களுக்கு முகம் விழுந்துபோனது.

"எங்கட கை பட்டதைத் தின்னமாட்டாவோ? ஊரிலதான் இப்பிடிப் பாத்தனாங்கள்" என்றாள் புஷ்பராணி.

பிறகு ஒருநாள் மதாமே விளக்கினார். அவர்களுக்குச் சமையல் பாத்திரத்திலிருந்து எல்லாவற்றுக்கும் சமய விதி உண்டாம். தோல் உரிக்காத பழம் என்றால் யார் வீட்டிலும் சாப்பிடலாமாம். அன்றிலிருந்து புஷ்பராணி அவருக்கென்று ஒரு தோடம்பழத்தைத் தட்டில் வைத்திருப்பாள்.

அறிவித்தலைக் கண்டதும் அவரிடம்தான் ஓடினோம்.

"மதாம், நீங்கள் போய்க் கதையுங்கோ. உங்கட முகத்தைப் பாத்தாலே மேயர் கேப்பார்" என்றேன் நான்.

"மாட்டேன். அவர் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் அங்கே சமைக்கவில்லை. பின்வரிசையில் இருப்பேன். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்ய வந்தவர்கள் அரைவழியில் கையை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சபையில் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். முன்னமே பேர் பதியவேண்டும். புஷ்பராணியைப் பேசவிடத் தீர்மானித்தோம். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் ஊறியவள் அவள். கேள்வியைப் பிரெஞ்சில் எழுதி, மதாமுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். முட்டை அவிக்கும் மணிக்கூட்டை வைத்து மதாம் நேரம் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நேரம் மிஞ்சியது.

ஆனாலும் என்னையும் பேர் பதியச் சொன்னார் மதாம். "ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் இன்னொருவர் வேண்டும்." நான் எழுத்துப் பழகியதே நரை விழுந்த பிறகுதான். என் பேரை எழுதி முடிக்கும் வரைக்கும் மேசையில் இருந்த பெடியன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் தொடங்கியது. புஷ்பராணியைக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலையோடு போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். நிமிர்ந்து கைகூப்பினாள்.

"மதிப்புக்குரிய மேயர் அவர்களே, அவருக்கு வலப்பக்கத்தில் வீற்றிருக்கும் உறுப்பினர் அவர்களே, இடப்பக்கத்தில் வீற்றிருக்கும் உறுப்பினர் அவர்களே..."

எல்லாம் நல்ல பிரெஞ்சில்தான். மதாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது ஒத்திகையில் இல்லாதது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மேடையில் ஏறுபவர் சபைக்கு வணக்கம் சொல்லாமல் தொடங்குவாரா? அப்படித் தொடங்கினால் வளர்ப்புச் சரியில்லை என்று நாங்களே சொல்லியிருப்போம். புஷ்பராணி செயலாளரை வணங்கினாள். வாசலில் நின்ற காவலாளியை வணங்கினாள். தாய்மார்களையும் தந்தைமார்களையும் வணங்கி, இந்த இனிய மாலைப் பொழுதுக்கு நன்றி சொல்லி, தனக்கு வாய்ப்பளித்த யூதப் பெண்மணிகள் பக்கம் திரும்பினாள்.

மணி அடித்தது.

"உங்கள் கேள்வி, மதாம்?" என்றார் மேயர்.

"அது... இனித்தான்..."

"மன்னிக்கவும். நேரம் முடிந்துவிட்டது."

அடுத்து என் பேரைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் புஷ்பராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் என் காதுக்குள் குனிந்தாள்.

"கௌரியக்கா, நான் சொல்லச் சொல்ல நீங்கள் சொல்லுங்கோ."

"வணக்கம் சொல்லட்டோ?"

"ஐயோ, வேண்டாமெணை!"

அது ஒலிவாங்கியில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னால் இருந்த தமிழ்ச் சனம் சிரித்தது. அவள் சொல்லிக் கொடுக்க, நான் துண்டு துண்டாகக் கேட்டேன். எங்கள் சமையலறையை ஏன் மூடுகிறீர்கள், எங்களிடம் கேட்டீர்களா, சாமான்களுக்கு வேறு அறை இல்லையா.

மேயர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதைப் புஷ்பராணி எழுதியிருக்கவில்லை.

"சமையலறை இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், மதாம்?"

புஷ்பராணி காதுக்குள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் எனக்கு வாயில் வந்துவிட்டது.

"முந்தி மாதிரிப் புருஷனிடம் காசு கேட்பேன். சப்பாத்து வேண்டுமென்றாலும், பஸ்ஸுக்கென்றாலும்."

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். மேயருக்குப் பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் சிரிக்கவில்லை. அவர் மேயரின் காதுக்குள் ஏதோ சொன்னார். இலையுதிர்காலம் வரைக்கும் முடிவைத் தள்ளிவைக்கிறோம், அதற்கு முன் நேரில் வந்து பார்ப்போம், அதுவரை சமையலறைக் கதவின் திறப்பு உங்களிடமே இருக்கட்டும் என்றார் மேயர். வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு கோடைகாலம் கிடைத்தது.

வெளியே பஸ் தரிப்பில் புஷ்பராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். "மதாம், அடுத்ததா உங்கட பேரைத்தான் சொல்ல இருந்தனான். அதுக்குள்ள மணியடிச்சுப் போட்டாங்கள்."

மதாம் கைப்பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து எங்களுக்குச் சுளை சுளையாகத் தந்தார். "இப்போது சொல்லு. பஸ் வர நேரம் இருக்கிறது."

புஷ்பராணி சொன்னாள். முழுவதும், நின்று, கைகூப்பி.

நான் வீட்டுக்கு வரமுன்னமே கதை வந்துவிட்டது. என் கணவர் அருமைராசா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னைப் பற்றி மேயரிட்ட முறைப்பாடு வைச்சனியாம்."

"உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையப்பா. உங்களிட்டக் கேக்க வேண்டி வரும் எண்டுதான் சொன்னனான்."

"நீ கேட்டு நான் எப்பவாவது தராமல் விட்டனானே?"

"இல்லை. தந்தனீங்கள்."

"அப்ப என்ன?"

மேயரிடம் எனக்குப் பிரெஞ்சில் உடனே சொல்ல முடிந்தது. இவரிடம் தமிழில் சொல்ல நேரம் எடுத்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்ட நேரமெல்லாம் சட்டைப்பையில் கைவிட்டுத் தந்தவர்தான். அந்தக் கை பைக்குள் போகும் வரைக்கும் நான் நின்ற நிலை அவருக்குத் தெரியாது. எனக்கே இந்தச் சமையலறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

"கேக்காமல் இருந்து பாத்திட்டன்" என்றேன்.

அவர் தொலைக்காட்சியை மறுபடி போடவில்லை. மறுநாள் சமையல் நாள். நான் கடலையை ஊறப்போட்டுவிட்டுத் திறப்பைக் கைப்பைக்குள் வைத்தேன்.