இரண்டாம் சரணத்து விம்மல்

பாட்டு வெளியாகி மூன்றாம் நாள் காலையில், நாத்தனார் தன் கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையின்மேல் சாய்த்து நிறுத்தி, ஒரே இடத்தை ஒன்பதாவது முறையாக ஓடவிட்டாள்.

“அண்ணி, இங்க கேளுங்க. ‘உன் குடை இங்கேயே இருக்கிறது’ன்னு பாடுறாளா? அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். அந்த இடத்துல… கேட்டுச்சா? விம்முறா! அடக்கிப் பார்த்திருக்கா, பாவம். முடியலை.”

அண்ணி மதிய உணவு டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். பகல் முழுவதும் பாட்டோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். வீட்டில் பாட்டுக் கேட்பதில்லை. இந்தப் பாட்டு அவள் கையால் முடித்து அனுப்பியதுதான் என்றாலும், வெளியான பிறகு இப்போதுதான் முதன்முதலாகக் காது கொடுத்தாள். மூடியின்மேல் இருந்த கை அப்படியே நின்றது.

“இன்னொரு தடவை போடு.”

“பார்த்தீங்களா? உங்க கல்லு மனசையே கரைச்சிட்டா!”

மனசு கரையவில்லை; காதுதான் விழித்துக்கொண்டது. அந்த ஓசை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது விம்மலே அன்று. விக்கல், அதுவும் அவளுடைய விக்கல்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வாத்தியக்காரர்கள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது ‘சல்லடை அக்கா’ என்று மரியாதை சேர்த்து முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பாடி முடித்த பதிவிலிருந்து வேண்டாதவற்றை அகற்றுவது அவள் வேலை: மூச்சிரைப்பு, நாற்காலியின் முனகல், தாள் புரளும் ஓசை, வளையல் உரசல். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கையைத் தாண்டி ஒரு செருமல்கூட வெளியே போனதில்லை. அவள் கைபட்ட பாட்டில் தூசி இருக்காது என்று மற்றக் கூடத்துக்காரர்களே சொல்வார்கள். அவள் தனக்கென்று சேர்த்து வைத்திருந்தது அந்த நல்ல பேர் ஒன்றைத்தான்.

“தொண்டை டாக்டர் ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார் அண்ணி,” என்றாள் நாத்தனார். “இது நடிச்சு வராதாம். நெஞ்சுக்கடியில இருக்கிற உதரவிதானம் தானா துடிச்சாத்தான் இப்படி ஒரு சத்தம் வருமாம்.”

“டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார்.”

“இதையும் கேளுங்க, பாடினவளைப் பத்திப் போட்டிருக்கான். ‘கன்னக்குழி நடிகரின் காதில் விழுமா குயிலின் விம்மல்?’ விழுந்துடுச்சு! காரை ஓரமா நிறுத்திட்டேன், அஞ்சு நிமிஷம் பேச்சே வரலைன்னு பேட்டி குடுத்திருக்கான். ரெண்டு பேரும் பிரிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. சேர்ந்துடுவாங்க, பாருங்க. நான் சொன்னது பலிச்சா என் வாயில நீங்க சர்க்கரை போடணும்.”

“முதல்ல அந்த வாயில சாப்பாட்டைப் போடு. ஆறுது.”

கூடத்துக்குப் போனதும் சல்லடை கதவைத் தாழிட்டுக்கொண்டு பாட்டின் கோப்பைத் திறந்தாள்.

பெரிய பாடகர்கள் வந்து பாடுவதற்கு முன், வாத்தியக்காரர்களுக்குத் துணையாக வேறொருவர் அந்த மெட்டை ஒப்புக்குப் பாடி வைப்பது வழக்கம். அதற்கு டிராக் என்று பெயர். இந்தப் பாட்டுக்கு டிராக் பாட வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிடவே, சல்லடையே மைக் முன் நின்றாள். சாப்பிட நேரமில்லாமல், இரண்டு காய்ந்த பிஸ்கட்டுகளைத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு நின்றாள். மறு வாரம் பாடகி வந்து பாடிக் கொடுத்தாள், டிராக்கை ஓரங்கட்டியாயிற்று. அத்தோடு அது தொலைந்திருக்க வேண்டும்.

கடைசி நாளன்று முதலாளி, “அந்தக் குடை வரிக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் இடம் விடு. ஜனங்க நெஞ்சுல இறங்கட்டும்,” என்றார். பாட்டில் இடைவெளியை நீட்டும்போது அங்கே வெறும் சூனியத்தை வைக்கக் கூடாது. கேட்பவர் காது பள்ளத்தில் விழுந்தாற்போல் திடுக்கிடும். அதே அறையில் எவரும் பாடாதிருந்த நேரத்து அமைதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்ட வேண்டும். பாடகியின் பதிவில் அவ்வளவு நீளமான அமைதி அகப்படவில்லை. சல்லடை தன் டிராக்கிலிருந்து எடுத்தாள். பிறர் பதிவாக இருந்தால் மூன்று முறை கேட்டுப் பார்த்திருப்பாள். தன்னுடையதாயிற்றே என்று கேளாமலே ஒட்டினாள். ஒட்டிய கையோடு முதலாளி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், “இனி கை வைக்காதே, இப்படியே அனுப்பு,” என்று பறித்துக்கொண்டு போனார். அவள் கடைசியாக ஒருமுறை கேட்காமல் வெளியே போன பாட்டு, இத்தனை ஆண்டுகளில் அது ஒன்றுதான்.

இப்போது கேட்டாள். விக்கல் பளிச்சென்று இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முதலாளியின் அறைக்குப் போனாள். அவர் இரண்டு காதிலும் இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்த ரெண்டாவது சரணத்துல—”

“அந்த விம்மல்தானே? அதுதாம்மா பாட்டே! வேற ஒருத்தியா இருந்தா வெட்டி எறிஞ்சிருப்பா. நீ விட்டு வெச்சே பாரு, அதுக்குப் பேருதான் அனுபவம்!”

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். அவசரமாக எதையும் விழுங்குவது தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது அப்போதே அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் பாடகியே வந்துவிட்டாள். வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்துக் கிடந்ததால், பின்பக்கத்துப் படியேறி வந்தாள். தலையில் துணித் தொப்பி, மூக்கின் பாதியை மறைத்த கறுப்புக் கண்ணாடி. கதவைச் சாத்திக் கண்ணாடியைக் கழற்றியபோது, மூன்று நாளாகத் தூங்காத கண்கள் தெரிந்தன.

“அக்கா, என் குரலை மட்டும் தனியா போடுங்க. வாத்தியம் வேண்டாம்.”

“எதுக்கும்மா?”

“நான் அழுத இடத்தைக் கேக்கணும்.”

சல்லடையின் கை விசைப்பலகைமேல் போய், போன இடத்திலேயே தங்கியது.

“எனக்கு அழுத ஞாபகமே இல்லக்கா,” என்றாள் பாடகி. “அன்னைக்குப் பாடுறப்ப, பால்கனிக் கதவைச் சாத்தினேனா இல்லையான்னு யோசிச்சிட்டிருந்தேன். பூனை வெளிய போயிடுமேன்னு கவலை. ஆனா இப்ப காதால கேக்குறேனே! அம்மா கேட்டுட்டு, ‘உன் மனசு எனக்குத் தெரியும்டி’ங்கிறாங்க. தங்கச்சி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறா. என் மனசு மறைச்சதைக் குரல் சொல்லிடுச்சுன்னு உலகமே சொல்லுது. அத்தனை பேரும் சொன்னா, நான்தான் என்னை ஏமாத்திக்கிட்டு இருக்கேன் போலிருக்கு.”

கைப்பேசியை நீட்டினாள். கன்னக்குழி நடிகர் எழுதியிருந்தார்: ‘உன் கண்ணீரைக் கேட்டேன். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன்.’

“மன்னிச்சிட்டாரா? தப்பு பண்ணினது யாரு?” என்று சல்லடை தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

“பெரிய தப்புன்னு எதைச் சொல்றது? அடிச்சாரா, திட்டினாரா, ஒண்ணும் இல்ல. அவரோட இருந்த மூணு வருஷமும் என்னை யார் என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொல்லுவார். அவ்வளவுதான். பிரிஞ்சு வந்த அன்னைக்குத் தனியா ஒரு கடையில உக்காந்து காப்பி கேட்டேன். சர்க்கரை எவ்வளவு போடணும்னு கேட்டான். எனக்குத் தெரியலைக்கா! எனக்குக் காப்பியில எவ்வளவு சர்க்கரைன்னு எனக்கே தெரியலை.” சிறிது பொறுத்துச் சொன்னாள்: “ஒண்ணரை ஸ்பூன். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆச்சு. இப்ப மறுபடி பாதிப் பெட்டி அடுக்கி வெச்சிருக்கேன். சாயங்காலம் அவருக்கு ‘வாங்க’ன்னு பதில் போடணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை என் காதால கேட்டுட்டா, எனக்கும் நிச்சயமாயிடும்.”

ஒட்டுப் போட்ட பதிவையே ஓட்டிக் காட்டினால் போதும். பாடகி கேட்பாள், தலையாட்டுவாள், போய்விடுவாள். முதலாளிக்கு அந்த விம்மல் வேண்டும், ஊருக்கும் வேண்டும். சல்லடையின் இருபத்திரண்டு ஆண்டுப் பேரும் அலுங்காமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண் மட்டும், ஒரு பிஸ்கட்டின் பேச்சை நம்பி, தன் ஒன்றரை ஸ்பூனை விட்டுக்கொடுத்துவிட்டுப் போவாள்.

சல்லடை நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க அழலைம்மா. அது நான்.”

“நீங்க எதுக்குக்கா அழுதீங்க?”

“நானும் அழலை. இருங்க, கேளுங்க.”

முதலில் ஒட்டுப் போடாத பாடகியின் குரலை மட்டும் ஓடவிட்டாள். ‘உன் குடை இங்கேயே இருக்கிறது’. துப்புரவான ஓர் இடைவெளி. ‘மழை நின்று நாளாயிற்று’. குரலில் ஓர் அசைவும் இல்லை. அடுத்து, தன்னுடைய டிராக்கை ஓடவிட்டாள். அதே வரி, சுமாரான குரலில். இடைவெளி. உலகமே உருகிய அந்த விம்மல். வெளியான பாட்டுக்காக வெட்டிய துண்டு அந்த இடத்தோடு முடிந்திருந்தது. டிராக் மேலே ஓடியது. இன்னொரு விக்கல். அதைத் தொடர்ந்து சல்லடையின் எரிச்சல் மிகுந்த குரல், தெள்ளத் தெளிவாக: “பாழாப் போன பிஸ்கட்டு!”

செய்த பிழையைச் சல்லடை முழுவதுமாகச் சொன்னாள். துண்டு எடுத்ததை, கேளாமல் ஒட்டியதை, காலையிலேயே தெரிந்தும் முதலாளியிடம் வாய் திறவாமல் திரும்பியதை. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்து, வருவது வரட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் அழலை?”

“இல்லம்மா.”

“நிஜமா?”

“எட்டு தடவை பாடினீங்க. எட்டும் இங்கேயே இருக்கு. எதுலயும் அழலை. நாலாவதுல மட்டும் ஒரு கொட்டாவி விட்டீங்க.”

“போடுங்க.”

எட்டையும் போட்டாள். இருவரும் பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களைப் போலக் குனிந்து உட்கார்ந்து கேட்டார்கள். நாலாவதில் கொட்டாவி வந்த இடத்தில் பாடகி வாயைப் பொத்திக்கொண்டாள், ஏழாவதில், “இங்க பூனையைத்தான் நினைச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு!” என்றாள். எட்டாவது முடிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது ஒன்றுதான் அந்தப் பாட்டுக்காக அவள் சிந்திய நீர்.

“அக்கா, மூணு நாளா எனக்குள்ள யாரோ ஒருத்தி எனக்குத் தெரியாம அழுதுக்கிட்டு இருக்கான்னு பயந்துட்டிருந்தேன். பிஸ்கட்டா! கடவுளே, பிஸ்கட்டா!”

கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். அனுப்புவதற்கு முன் சல்லடையிடம் காட்டினாள். ‘நான் அழவில்லை. எட்டு முறை கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.’

“சரியா இருக்காக்கா?”

“ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை. அனுப்புங்க.”

அனுப்பினாள். பிறகு, “பாட்டு அப்படியே இருந்துட்டுப் போகட்டும்கா. உங்களுக்கு வம்பு வேண்டாம்,” என்றாள்.

“இருக்கக் கூடாதும்மா. அது என் குப்பை. நான்தான் அள்ளணும்.”

இம்முறை முதலாளியின் இரண்டு கைப்பேசிகளும் மேசைமேல் கவிழும்வரை சல்லடை நின்று காத்திருந்தாள். பாடகியும் பக்கத்தில் நின்றாள். சொன்னதைக் கேட்டு அவர் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு ஒரு மாதிரியாகக் கோணியது.

“பிஸ்கட்டா?”

“ஆமா சார்.”

“நான் அழுதேனே! என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு வெச்சுக் கேக்க வெச்சு, அவளும் அழுது, ராத்திரி சாப்பாட்டையே தள்ளி வெச்சாளே!” எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். “இது வேற யாருக்கும் தெரியுமா?”

“இல்ல சார். வேலையை விட்டு நிக்கச் சொன்னா நாளைக்கே—”

“எங்கேயும் நிக்க வேண்டாம்! நீ போனா ஏன் போனேன்னு நாலு பேர் கேப்பான். பிஸ்கட்டுக்கு அழுத முதலாளின்னு எனக்குப் பேர் வரணுமா? போய் அதை எடுத்துட்டுப் புதுசா அனுப்பு. மூணு பேரும் வாயைத் திறக்கக் கூடாது.” பாடகியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நீங்களும்தாம்மா.”

“எனக்கு எதுக்கு சார் வாய்? என் விம்மலுக்கே நான் ஆள் வெச்சிருக்கேன்,” என்றாள் பாடகி.

இரண்டு நாள் கழித்துக் காலை. கைப்பேசி தண்ணீர்க் குவளைமேல் சாய்ந்திருந்தது. நாத்தனாரின் முகம் தொங்கிப் போயிருந்தது.

“அண்ணி, புதுசா வந்திருக்கிற பாட்டுல விம்மலையே காணோம்! ‘குயில் தேறிவிட்டது, கன்னக்குழிக்கு இனி இடமில்லை’ன்னு போட்டிருக்கான். அந்த டாக்டரும் வந்துட்டார். துக்கம் ஆறினா உதரவிதானமும் ஆறிடுமாம்.”

“அவர் எப்பவும் சரியாத்தான் சொல்றார்.”

“எனக்குத்தான் சர்க்கரை போச்சு. ஆனா ஒண்ணு, இப்ப கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த நிறுத்தத்துல ஒண்ணுமே இல்ல. நிம்மதியா இருக்கு.”

“எங்கே, போடு.”

சல்லடை கண்ணை மூடிக் கேட்டாள். குடை வரி வந்தது. இடைவெளி வந்தது. அறையின் அமைதி மட்டும், அப்பழுக்கில்லாமல், முழு அளவுக்கு நின்றது. இந்த முறை அதைப் பாடகியின் பதிவிலிருந்தே சிறு சிறு துண்டாகச் சேர்த்து, மூன்று முறை கேட்டு ஒட்டியிருந்தாள். மழை நின்று நாளாயிற்று என்று குரல் தெளிவாகத் தொடர்ந்தது.

அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். கடிப்பதற்கு முன், குவளைமேல் சாய்ந்திருந்த கைப்பேசியை நகர்த்தி வைத்துவிட்டு, முழுத் தண்ணீரையும் நிதானமாகக் குடித்தாள்.