ஒட்டகம் ஏற்றிய லொறி

கொழும்பு மாளிகாவத்தையில் எங்கள் பக்கத்தில் ஒட்டகம் அறுத்துக் குர்பான் கொடுத்தவர் யாரும் இல்லை. பள்ளிவாசல் குர்பான் குழுவுக்கு நான் செயலாளர். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மாடு பார்ப்பதும், ஏழு ஏழு பேராகச் சேர்த்துப் பங்கு போடுவதும் என் வேலை. புத்தளம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஒட்டகம் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு பேரை அரை மணித்தியாலத்தில் பிடித்துவிட்டேன். பௌஸி ஹாஜியார் ஒட்டகம் கொண்டுவருகிறாராம் என்று தேநீர்க் கடையில் யாராவது கதைப்பது காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குப் பசிக்காது.

மிருக வைத்தியர் அருந்ததி அனுமதிப் பத்திரத்தோடு நிபந்தனைத் தாள் ஒன்றும் தந்தார். வெள்ளவத்தைக்காரி, லேசில் சிரிக்கமாட்டார். ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டார். லொறியில் மணல் பரப்ப வேண்டும். மேலே தலை தட்டக் கூடாது. ஒட்டகத்தை உட்கார வைத்து முன்னங்கால்களைத் தளர்வாகக் கட்டலாம். ஆனால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, கட்டை அவிழ்த்து, அதை எழும்பி நிற்க விட வேண்டும். இல்லாவிட்டால் கால் மரத்து, புண்ணாகி, பிறகு எழும்பாது என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மணல் போட்டேன். கூரையில்லாத லொறி பிடித்தேன். வெளியே தெரிகிற விதி ஒன்றையும் நான் விடவில்லை.

லொறி கொட்டாஞ்சேனை டெரிக்குடையது. வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர். பதினாறு வருடமாக எங்கள் மாடுகளை ஏற்றுகிறவர். அந்த லொறிதான் அவர் வீட்டுக்குச் சோறு. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் பள்ளியை விட்டு வெளியே வரும் நேரத்தில் ஒட்டகம் வந்து இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பண்ணையில் ஏற்றுவதற்கே தாமதமாகிவிட்டது. சிலாபத்தில் இருந்து டெரிக் என் போனுக்குக் கோல் எடுத்தார்.

"ஹாஜியார், அது முனகுது. கயிறும் இறுகிட்டு. இங்க ஓரமா நிப்பாட்டி அவுத்துவிடவா?"

"வாணாம், நிப்பாட்டாம வா. இங்க எல்லாரும் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க."

அப்போது ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தேநீர்க் கடை வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். நீர்கொழும்பில் இருந்து டெரிக் மறுபடியும் எடுத்தார். அவருடைய பெயரைப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

லொறி சரியான நேரத்துக்கு வந்தது. தொழுதுவிட்டு வந்த ஆண்கள், பிள்ளைகள், பல்கனிகளில் பெண்கள், எல்லார் கையிலும் போன். பின்கதவைத் திறந்து, இறங்குவதற்குப் பலகை சாய்த்து, கட்டை அவிழ்த்தோம். ஒட்டகம் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தியது. முன்னங்கால்கள் மடிந்து, முகம் மணலில் இடித்து விழுந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். முழங்காலுக்குக் கிட்ட, கயிறு தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போன்களைத் தாழ்த்தினார்கள்.

மௌலவி ஏறிப் பார்த்தார். நொண்டியான பிராணி குர்பானுக்கு ஆகாது என்று மெல்லச் சொன்னார். பங்குக்காரர் ஏழு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"டெரிக் வழியில நிப்பாட்டல்ல," என்றேன். "நிப்பாட்டச் செல்லித்தான் நான் அனுப்பின."

சொல்லி முடித்ததும் எனக்கே என் குரல் அருவருப்பாக இருந்தது. டெரிக் லொறிப் பலகையைப் பிடித்தபடி நின்றார். வருடா வருடம் வேலை தருகிற ஆளை ஊருக்கு முன்னால் பொய்யன் என்று அவரால் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மௌலவி அறிவித்து, அருந்ததி டொக்டர் வந்து சேர்ந்தார். காலைத் தடவிப் பார்த்தார், ஊசி போட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நரம்பு அமுங்கியிருக்கிறது, எழும்புமா என்று நாளைக்குத்தான் சொல்லலாம் என்றார். பிறகு பத்திரத்தை விரித்துக்கொண்டு டெரிக்கிடம் கேட்டார்.

"ஒரு இடத்திலயும் நிப்பாட்டேல்லையோ?"

"இல்ல மிஸ்."

"ஏன்?"

டெரிக் என்னைப் பார்த்துவிடாமல் இருப்பதற்காக நிலத்தைப் பார்த்தார். டொக்டர் எழுதத் தொடங்கினார். வழக்குப் போட்டால் லொறியைப் பிடித்து வைப்பார்கள். பேனை நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய பெயர் முடிந்தது. லொறி இலக்கமும் முடிந்தது. அதுவரைக்கும் நான் சும்மாதான் நின்றேன். இன்றைக்கும் என்னைக் கூச வைப்பது அந்த இரண்டு வரி நேரம்தான்.

"டொக்டர்," என்றேன். "அவர் ரெண்டு தரம் கோல் எடுத்த. நான்தான் நிப்பாட்ட வாணாமெண்டு சென்ன. அவர எழுத வாணாம்."

தெரு முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு பங்குக்காரர் "சீ" என்றார். டொக்டர் டெரிக்கின் பெயரை வெட்டப் போனார்.

"வெட்ட வேணாம் மிஸ்," என்றார் டெரிக். "அது முனகுனது எனக்குத்தான் கேட்டிச்சு. ஸ்டியரிங் என்ட கையில இருந்திச்சு. நான் நிப்பாட்டியிருக்கலாம்."

சொல்லிவிட்டு லொறிக்குள் ஏறி, ஒட்டகத்துக்குப் பக்கத்தில் குந்தி, அதன் காலைத் தேய்க்கத் தொடங்கினார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஏறினேன். அவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.